எழுவான்கரை மணலில் புற்றரை: எந்தப் புல், எவ்வளவு தண்ணி?

(கேள்வி பதில் உரையாடல். ஒவ்வொரு பகுதிக்கும் மேல இருக்கிறது பேசுகிறவரின் புனைபெயர்.)

மணல்முற்றம்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையில, கல்லடியில் கடலுக்கு ஏறத்தாழ 300 மீற்றர் தள்ளி ஒரு வளவு. வீட்டுக்கு முன்னால 4 பேர்ச்சஸ் வெறும் மணல். இரண்டு தென்னை, மேற்கு மூலையில ஒரு மாமரம், ஒரு கிணறு, அரைக் குதிரைவலு மோட்டர். நேர்சரிக்காரர் சதுர அடிக் கணக்கில மலேசியன் புல் போட்டுத் தாறன் என்கிறார். அதுக்கு முதல் இரண்டு ட்ரக்டர் கிறவல் (சரளை) மண் கொட்டிப் பரப்பச் சொல்கிறார். கேட்க வேண்டியது மூன்று: அந்தப் புல் இந்த இடத்துக்குச் சரியா? மண் கொட்டத்தான் வேணுமா? ஆவணியில கிணறு தாங்குமா?

வாவிக்கரை

தம்பி, கடைசியாகக் கேட்டதை முதலில் பார்ப்போம். மற்ற இரண்டும் அதிலதான் தங்கியிருக்கு.

கச்சான் (வரண்ட தென்மேற்குக் காற்று) வீசுற ஆனி, ஆடி, ஆவணியில வேர்பிடித்த அருகம்புல்லுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 4 மி.மீ. தண்ணி வேணும். 1 மி.மீ. என்றால் சதுர மீற்றருக்கு 1 லீற்றர். 4 பேர்ச்சஸ் என்பது 101 சதுர மீற்றர். ஆக நாளுக்கு 350 லீற்றர், கிழமைக்கு 2,500 லீற்றர் அளவில் போகும்.

மோட்டருக்கு இது பெரிய வேலை இல்லை. 20 லீற்றர் வாளி எத்தனை செக்கனில் நிரம்புகிறது என்று பாருங்கள். 30 செக்கன் என்றால் நிமிடத்துக்கு 40 லீற்றர். கவனிக்க வேண்டியது கிணற்றை. வாவிக்கும் கடலுக்கும் நடுவில உள்ள மணல் திட்டில் நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு இருக்கு. கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி ஓரடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணி இருக்கும் என்பது கணக்கு. மேல்மட்டம் ஓரடி இறங்கி அப்படியே கிடந்தால் அடியில் உப்பு அதே விகிதத்தில் ஏறும். ஒரேயடியாக வேகமாக இறைத்தாலும் கிணற்றுக்கு நேர் கீழே உப்பு கூம்பு மாதிரி எழும்பும்.

புல் வாங்க முன்னம் ஒரு சோதனை செய்யுங்கள். மழை நின்று நீண்ட வெயில் அடித்த ஒரு நாளில், மோட்டர் போட முன்னம் ஒரு கிளாஸ் தண்ணி, அரை மணித்தியாலம் இறைத்த பிறகு ஒரு கிளாஸ். தண்ணியில் கரைந்த உப்பை அளக்கிற சின்ன ரி.டி.எஸ். மீற்றரால் இரண்டையும் பாருங்கள். 500 பி.பி.எம்.முக்குக் (பத்து லட்சத்தில் 500 பங்குக்குக்) கீழ் இருந்தால் எந்தப் புல்லும் தாங்கும். 1,500 வரை அருகும் சொய்சியா என்கிற புல்லும் தாங்கும், மலேசியன் புல் நுனி கருகத் தொடங்கும். முதல் கிளாசுக்கும் இரண்டாம் கிளாசுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் 4 பேர்ச்சசுக்கும் புல் போட வேண்டாம். வாசலுக்கு நேரே 2 பேர்ச்சஸ் புல்லை நல்லாக வளர்த்து, மிச்சத்தை எங்கட ஊர் வழக்கப்படி கூட்டிப் பெருக்கின வெள்ளை மணலாகவே விடுங்கள். அதுவும் அழகுதான். அயல் வீட்டுக்காரர் குடிக்கிறதும் அதே தண்ணிதான் என்பதையும் நினைக்க வேணும்.

பச்சைத்தரை

வாவிக்கரை அண்ணன் சொன்னதோடு புல்லைப் பற்றி.

கடையில பெயர் நேர்சரிக்கு நேர்சரி மாறும். பெயரை விட்டு இலையைப் பாருங்கள். மலேசியன் என்று விற்கிறது பெரும்பாலும் அகன்ற இலைப் புல். இலை ஒரு சென்ரிமீற்றர் அகலம், நுனி மழுங்கி வட்டமாக இருக்கும், கொடி தட்டையாக நிலத்தோடு ஒட்டி ஓடும். நிழல் தாங்கும், ஈரம் கேட்கும், புளிப்பான (அமில) மண்ணை விரும்பும். உங்கட மாமரத்தடிக்கு அது சரி. திறந்த மணலில், கச்சான் நேரடியாக அடிக்கிற இடத்தில், கிழமைக்கு 2,500 லீற்றர் அதுக்குக் காணாது, உப்பும் ஏறினால் புரட்டாதிக்குள் வைக்கோல் நிறம் வந்துவிடும்.

அருகு: ஒடுங்கின இலை, இலை தண்டோடு சேருகிற இடத்தில் வெள்ளை மயிர் வளையம் மாதிரித் தெரியும். முழு வெயில் வேணும். நாளில் 6 மணித்தியாலத்துக்குக் குறைவாக வெயில் விழுந்தால் ஐதாகிப் போகும். வறட்சியில் பழுத்தாலும் மண்ணுக்குள் கிடக்கிற கிழங்குத்தண்டிலிருந்து முதல் மழைக்கே துளிர்க்கும்.

சொய்சியா: இலை விறைப்பு, உள்ளங்கையை வைத்து அமர்த்தினால் குத்தும். உப்புக் காற்று, அரை நிழல் இரண்டையும் தாங்கும். எங்கட கரையோரத்திலயே இயற்கையாக முளைக்கிற சாதி அது. ஒரே குறை, மெதுவாகப் படரும். அருகு 8 முதல் 10 கிழமையில் மூடுகிற இடத்தை இது மூட ஆறு மாதத்துக்கு மேலும் எடுக்கும். அதுக்குள் களை பிடுங்குகிற பொறுமை இருந்தால் பிறகு வெட்டுகிற வேலை அருகின் பாதிதான்.

என்னுடைய தெரிவு: திறந்த இடம் முழுக்க அருகு, மாமரத்தடியில மலேசியன், தென்னைக்குப் பக்கத்தில் சொய்சியா. ஒரு வேண்டுகோள், புல் தேடிக் கடற்கரைத் திட்டியில் கை வைக்க வேண்டாம். அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் சேர்ந்துதான் அந்த மணலைக் கட்டி வைத்திருக்கு.

படுவான்மண்

கிறவல் கொட்டுற கதைக்கு வாறன். கொட்டாதிங்க. மணலுக்கு மேல நாலு அங்குலம் கிறவலைப் பரப்பினா அது ஒரு மூடி. மழைக்குத் தண்ணி அந்த மூடியில நிண்டு சேறாகும், வெயிலுக்குச் சீமெந்து மாதிரி இறுகும். வேர் அந்த நாலு அங்குலத்துக்குள்ளயே சுத்தும், கீழ மணலுக்கு இறங்காது. மறுகா ஆடியில ரெண்டு நாள் தண்ணி விடாட்டி எல்லாம் முடிஞ்சுது.

மணலுக்கு வேண்டியது கூட்டெரு. 3 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, மண்வெட்டியால 15 செ.மீ. ஆழம் வரை நல்லாக் கலக்க வேணும். 101 சதுர மீற்றருக்கு 3 கன மீற்றர், அதாவது ஒரு கியூபுக்குக் கொஞ்சம் கூட. ஒரு கியூப் 100 கன அடி, 2.83 கன மீற்றர். மாட்டெரு எண்டா குறைஞ்சது மூணு மாசம் உக்கினது. பச்சைச் சாணியில மாடு தின்ட புல்லின்ட விதை கனக்க உசிரோட இருக்கும். அம்பாறைப் பக்கம் அரிசி ஆலைகளில உமிக்கரி எடுக்கலாம், கூட்டெருவில அஞ்சில ஒரு பங்கு சேர்த்தா பசளையைப் பிடிச்சு வைக்கும். தும்புத்தூள் போடுறதெண்டா ரெண்டு தரம் நல்ல தண்ணியில ஊறவச்சு வடிச்சுப் போடுங்க, அதுல உப்பு இருக்கும்.

தென்னஞ்சோலை

படுவான்மண் தம்பி, குளத்து வண்டலைப் பற்றி என்ன நினைக்கிறீங்க? திருக்கோவில் பக்கம் மணல் வளவுகளுக்கு வண்டல் போடுகிற வழக்கம் இருக்கு. கூட்டெருவை விட மலிவு, ஒரு வருடத்தில் கரைந்தும் போகாது.

படுவான்மண்

அண்ணன், பரப்பாமக் கலந்தா வண்டல் நல்லம். அஞ்சு பங்கு மணலுக்கு ஒரு பங்கு, காஞ்சு பொடியானது, கட்டி இல்லாமச் சலிச்சது. எனக்குப் பயம் அதோட வாற கோரைக்கிழங்குதான். ஒரு ட்ரக்டர் வண்டலில நூறு கிழங்கு வந்தாக் காணும். கூட்டெரு வருசா வருசம் கரையும் எண்டது உண்மைதான், அதுக்குத்தான் மாசிமாசம் மேல்தூவலா அரைச் சென்ரிமீற்றர் போடுறது.

தென்னஞ்சோலை

கோரை விசயத்தில் உங்கட பக்கம் நியாயம் இருக்கு. வண்டல் எடுத்தால் ஒரு குவியலை நனைத்து இரண்டு கிழமை திறந்து விட்டுப் பார்க்கச் சொல்வேன். கோரை இருந்தால் அதுக்குள் தலைகாட்டிவிடும்.

கேள்வி கேட்டவருக்கு ஒன்று: தென்னையின் அடியைச் சுற்றி 6 அடிக்குப் புல் போட வேண்டாம். தென்னைக்குப் பசளை போடுகிற வட்டம் அது. அங்கே கூட்டெருவைக் கொத்திக் கலந்தால் தென்னை வேர் அறும், கலக்காமல் புல் நட்டால் புல்லுக்கு எதுவும் மிஞ்சாது. தும்பு மட்டையைக் குப்புற அடுக்கி விடுங்கள், ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

செவ்வரத்தை

நடுகிற காலம் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. ஐப்பசி மழையோடு நட்டால் தண்ணிச் செலவு மிச்சம் என்று நினைத்து நடுகிறார்கள். கார்த்திகை, மார்கழியில ஒரே நாளில் கொட்டுகிற மழைக்கு வேர்பிடிக்காத துண்டும் கூட்டெருவும் சேர்ந்து வீதி வடிகானுக்குப் போய்விடும். பெருமழை ஓய்கிற தை கடைசியிலிருந்து மாசி நடுவரை நல்ல காலம். மண்ணில் ஈரம் இருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, கச்சான் தொடங்க முன்னம் வேர் இறங்க மூன்று மாதத்துக்கு மேல் கிடைக்கும்.

அருகை விதையாக வாங்கத் தேவையில்லை. நல்ல புற்றரையிலிருந்து கொடி எடுத்து, இரண்டு மூன்று கணு வருகிற மாதிரி வெட்டி, 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் சின்னச் சால் இழுத்து, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போக, நுனி வெளியே தெரிய நட வேணும். வெட்டின கொடியை ஈரச் சாக்கால் மூடி நிழலில் வையுங்கள். வெயிலில் ஒரு மணித்தியாலம் கிடந்தாலே பாதி போய்விடும். நட்டதும் காலால் மெல்ல மிதித்து இறுக்க வேணும், மணலில் காற்று இடைவெளி இருந்தால் வேர் காயும். முதல் 10 நாள் காலையும் பின்னேரமும் சதுர மீற்றருக்கு 3 லீற்றர், பிறகு நாளுக்கு ஒரு தரம், நாலாவது கிழமைக்குப் பிறகு இடைவெளி விட்டு.

கட்டாக்காலி மாடு உள்ளே வராமல் கேற்றைப் பாருங்கள். நனைந்த மணலில் நட்டு ஒரு கிழமையான புல்லில் இரண்டு மாடு நடந்தால் திரும்ப நட வேண்டியதுதான்.

மணல்முற்றம்

நன்றி. கிணற்றை இன்றைக்குப் பார்த்தேன்: முதல் கிளாஸ் 620, அரை மணித்தியாலத்துக்குப் பிறகு 690. கிறவலை விட்டாச்சு. தண்ணி விடுகிற இடைவெளியை எப்படிக் கணிக்கிறது? ஒவ்வொரு நாளும் கொஞ்சமா, கிழமைக்கு ஒரு தரம் நிறையவா?

வாவிக்கரை

620 அருகை ஒன்றும் செய்யாது. இந்த வித்தியாசமும் பயப்படுகிற அளவில்லை. ஆவணியில் திரும்ப ஒரு தரம் பாருங்கள், இப்ப மழைத் தண்ணி நிற்கிற காலம்.

இடைவெளிக்கு மணல்தான் பதில் சொல்லும். மேல் 15 செ.மீ. மணல் புல்லுக்குக் கொடுக்கக்கூடியதாகப் பிடித்து வைக்கிறது 10 மி.மீ. அளவு. கிழமைக்கு ஒரு தரம் 25 மி.மீ. விட்டால் 15 மி.மீ. வேரைத் தாண்டிப் போகும், போகும்போது யூரியாவையும் கழுவிக் கிணற்றுக்கே கொண்டுபோகும். ஒவ்வொரு நாளும் 3 மி.மீ. விட்டால் மேல் இரண்டு அங்குலம்தான் நனையும், வேர் மேலேயே நிற்கும். மூன்று நாளுக்கு ஒரு தரம் 10 மி.மீ.தான் சரியான அளவு. உங்கட இடத்துக்கு அது 1,000 லீற்றர், ஒரு சாதாரண தண்ணித் தாங்கி. உங்கட மோட்டர் 40 லீற்றர் இறைத்தால் 25 நிமிடம்.

சரிசமமாக விழுகிறதா என்று பார்க்க ஆறு வெறும் மீன் டின்னைப் புல்லில் அங்கங்கே வைத்துத் தெளிப்பானைப் போடுங்கள். டின்னுக்குள் அடிமட்டத்தை விட்டு அளந்தால் எங்கே 4 மி.மீ., எங்கே 14 மி.மீ. என்று தெரியும். பழுப்புத் திட்டுக்கு நோய் மருந்து தேடுகிற பலருக்கு விடை அந்த டின்னுக்குள் இருக்கு.

நேரம் காலை 7 மணிக்கு முன்னம். பின்னேரம் விட்டு இலை இரவு முழுக்க நனைந்து கிடந்தால் பூஞ்சணம் வரும். நடுப்பகலில் தெளித்தால் இலையில் தண்ணி காய்ந்து உப்பு மட்டும் மிஞ்சி நுனியைச் சுடும்.

புல் தாகமாக இருக்கிறதை அதுவே காட்டும். நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள். காலடித் தடம் உடனே நிமிராமல் அப்படியே கிடந்தால், இலை நடுவில் மடிந்து நிறம் சாம்பல் நீலத்துக்குப் போயிருந்தால், அன்றைக்கு விட வேணும். தடம் நிமிர்ந்தால் இன்னொரு நாள் பொறுக்கலாம்.

பச்சைத்தரை

பசளை. மணலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கலாம். யூரியா மாதத்துக்குச் சதுர மீற்றருக்கு 5 கிராம், உங்கட இடத்துக்கு அரைக் கிலோ. யூரியாவில் 46 வீதம் நைதரசன், ஆக ஒரு தரத்துக்குச் சதுர மீற்றருக்கு 2.3 கிராம் நைதரசன் போகுது. அரைக் கிலோவை 3 கிலோ காய்ந்த மணலோடு கலந்து இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கிழக்கு மேற்காக, மறு பாதியைத் தெற்கு வடக்காகத் தூவுங்கள். இலை காய்ந்திருக்க வேணும், தூவின உடனே 5 மி.மீ. தண்ணி விட வேணும். பனி ஈரத்தோடு தூவினால் குறுணி இலையில் ஒட்டிச் சுடும். அடுத்த நாள் கை வீச்சின் வளைவு அப்படியே பழுப்புக் கோடாகத் தெரியும்.

டி.எஸ்.பி. (பொசுபரசுப் பசளை) நடும்போது சதுர மீற்றருக்கு 10 கிராம் மண்ணோடு கலந்தால் போதும். எம்.ஓ.பி. (பொட்டாசியப் பசளை) இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் சதுர மீற்றருக்கு 3 கிராம், ஆனால் கிணறு 1,000 பி.பி.எம். தாண்டினால் அதைக் குறையுங்கள், அதிலேயே குளோரைட் இருக்கு. ஐப்பசி நடுவிலிருந்து தை நடுவரை எந்தப் பசளையும் வேண்டாம். மழை கழுவிக் கிணற்றுக்குள்தான் போகும், அந்தத் தண்ணியைத்தான் பிள்ளைகள் குடிக்குதுகள்.

வெட்டுகிற உயரம் அருகுக்கு 3 செ.மீ. கச்சான் தொடங்கினால் 5 செ.மீ.க்கு உயர்த்துங்கள். ஒரு வெட்டில் இலையின் மூன்றில் ஒன்றுக்கு மேல் எடுக்கக் கூடாது. நைலோன் நூல் போட்ட புஷ் கட்டர் இலையை வெட்டுவதில்லை, அடித்துக் கிழிக்கும். இரண்டாம் நாள் புற்றரை முழுக்க வெளிறித் தெரிந்தால் ஓர் இலையைப் பிடுங்கி நுனியைப் பாருங்கள், தும்பு தும்பாகப் பிரிந்து காய்ந்திருக்கும். சக்கரம் வைத்த மெசினும் அலகு மழுங்கினால் இதேதான். வெட்டின புல்லை அள்ள வேண்டாம், அதிலயும் நைதரசன் இருக்கு.

நெல்வயலூர்

சம்மாந்துறையில களிமண் வளவு. இங்க சொன்ன எல்லாம் மணலுக்கு. மாரியில மூன்று நாள் தண்ணி நிற்குது, கோடையில விரல் போகிற வெடிப்பு. ஆற்று மணல் இரண்டு அங்குலம் போட்டுக் கலந்தால் சரிவருமா?

படுவான்மண்

அது செங்கல்லுக்குக் குழைக்கிற கலவை மாதிரி ஆகிடும். களிக்குள்ள கொஞ்ச மணல் கலந்தா களி மணலைச் சுத்திப் பிடிச்சு இன்னும் இறுகும். மணலால திருத்துறதெண்டா பாதிக்கு மேல மணல் வேணும், அந்தச் செலவு வேணாம்.

முதல் வேலை தண்ணி வடியிற சரிவு. வீட்டுப் பக்கம் இருந்து வெளிய, ஒரு மீற்றருக்கு 1 முதல் 2 செ.மீ. சரிவு. நூல் கட்டி மட்டம் பாருங்க, கண்ணுக்கு விடாதிங்க. ஓரத்துல ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி வடிகானோட சேருங்க.

ரெண்டாவது, ஒரு சோதனை. பட்டாணி அளவு காஞ்ச மண் கட்டியை ஒரு கிளாஸ் மழைத்தண்ணியில மெதுவா விடுங்க, ஆட்ட வேணாம். ரெண்டு மணித்தியாலம் கழிச்சுப் பாருங்க. கட்டி உடைஞ்சு பொடியாகியும் தண்ணி தெளிவா இருந்தா, கூட்டெரு போதும். கட்டியைச் சுத்திப் பால் மாதிரிக் கலங்கல் படர்ந்தா சோடியம் கூடின மண். அதுக்கு ஜிப்சம் சதுர மீற்றருக்கு அரை முதல் ஒரு கிலோ போட்டு, மாரி மழை கழுவ விட வேணும். மணலுக்கு ஜிப்சம் போட்டுப் பயனில்லை, அங்க உப்பு இருந்தா நல்ல தண்ணிதான் மருந்து.

களியில ஈரமா இருக்கும்போது மெசின் ஏத்தாதிங்க, ஆளும் நடக்காதிங்க. மாசியில மண் ஈரம் குறைஞ்சு பிசைஞ்சா உதிருற பதத்துல, முள்ளு மண்வெட்டியால 10 செ.மீ. ஆழத்துக்குக் கையளவு இடைவெளியில குத்தி, துவாரத்துக்குள்ள கூட்டெருவைத் தட்டி விடுங்க. தண்ணி களிக்கு ஏழு எட்டு நாளுக்கு ஒரு தரம் 25 மி.மீ. போதும். அதையும் ரெண்டாப் பிரிச்சு, இடையில ஒரு மணித்தியாலம் விட்டு ஊற வைங்க.

நெல்வயலூர்

கட்டி பால் மாதிரித்தான் கலங்குது. ஜிப்சம் பார்க்கிறேன். இன்னொன்று: கோரை. நெல்லுக்கு அடிக்கிற எம்.சி.பி.ஏ. களைகொல்லி அடித்தால் கருகுது, ஒரு மாதத்தில் திரும்ப வருது.

செவ்வரத்தை

கருகுவது தலை மட்டும். கீழே கிழங்குகள் மாலை மாதிரிக் கோர்த்துக் கிடக்கும், மேல் கிழங்கு செத்தால் அடுத்தது முளைக்கும். இன்னும் புல் நடவில்லை என்றால் கோடையை விட நல்ல மருந்து இல்லை. ஆனி, ஆடியில் 20 முதல் 25 செ.மீ. ஆழம் கொத்திக் கிளறி, கிழங்கை வேரிலிருந்து பிரித்து மேலே கொண்டுவந்து கச்சானில் காயவிடுங்கள். கிழங்கு காய்ச்சலுக்குச் சாகும், ஈரத்துக்குத்தான் பிழைக்கும். பத்து நாளுக்கு ஒரு தரம் மூன்று முறை கிளறினால் பெரும்பகுதி போய்விடும். அந்தக் காலத்தில் அந்த இடத்துக்குத் தண்ணி காட்டக் கூடாது. புல் நட்ட பிறகு என்றால் ஐந்து இலை விட முன்னம், மழை பெய்த மறுநாள், ஒடுங்கின கத்தியால் கிழங்கோடு கெல்லி எடுக்கிறதுதான் வழி.

மணல்முற்றம்

ஒரு கடைசிக் கேள்வி. பக்கத்து வளவில் ஏற்கனவே அருகு இருக்கு. யூரியா போட்டும் மஞ்சள். அதே மணல்தான், சிப்பித் துண்டும் கலந்திருக்கு.

பச்சைத்தரை

எந்த இலை மஞ்சள் என்று பார்க்க வேணும். அடியில் உள்ள பழைய இலை முதலில் மஞ்சளானால் நைதரசன் காணாது. நுனியில் உள்ள புது இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால் இரும்பு. ஒரு பிடி மணலில் வினாகிரி விடுங்கள், பொரிந்து நுரைத்தால் சிப்பிச் சுண்ணாம்பு. சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்கு எடுபடாது, அதனால இலைக்குத்தான் கொடுக்க வேணும்.

பெரசு சல்பேட் லீற்றருக்கு 5 கிராம், அரைத் தேசிக்காய்ப் புளி விட்டுக் கரைத்து, பின்னேரம் நாலரைக்குப் பிறகு இலை நனைய அடியுங்கள். 100 சதுர மீற்றருக்கு 5 லீற்றர் போதும். கரைத்த உடனே அடிக்க வேணும், வைத்தால் செங்கல் நிறத்துக்கு மாறும், பிறகு வேலை செய்யாது. நாலைந்து நாளில் நிறம் திரும்பும், புது இலை வர வர மூன்று நாலு கிழமைக்கு ஒரு தரம் திரும்ப அடிக்க வேண்டிவரும். அந்த வளவுக்கு அடுப்புச் சாம்பல், சுண்ணாம்பு, இடித்த கட்டிடத்துச் சாந்து எதுவும் போகக் கூடாது.

இலையில் ஈரம் ஏறவேணும் என்பதால் இதுக்கு மட்டும் பின்னேரம், காலையில் தண்ணி விடுகிற ஒழுங்கை மாற்ற வேண்டாம். சீமெந்து நடைபாதையில் ஒரு துளி விழுந்தாலும் துரு நிறக் கறை பிடித்துவிடும், அடிக்க முன்னம் ஓரத்தை நனைத்து, அடித்த உடனே கழுவி விடுங்கள்.